ஓமவல்லி வாசனையும் மருந்துக்கு அசையாத கிருமியும்

தொட்டியில் வளரும் கற்பூரவல்லியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கிப் பாருங்கள். அடுத்து அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை ஓமத்தை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். கிட்டத்தட்ட ஒரே வாடை. தாவரவியல்படி இந்த இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. கற்பூரவல்லி துளசி, புதினா குடும்பம். ஓமம் கொத்தமல்லி, சீரகம் குடும்பம். ஆனாலும் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் வைத்தவர்களின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஓம எண்ணெயில் ஏறக்குறைய பாதி தைமால் என்ற பொருள். கற்பூரவல்லியில் பெரும்பாலும் கார்வக்ரால். சில செடிகளில் தைமாலே தூக்கலாக இருக்கும். இரண்டு மூலக்கூறிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அந்த ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜனைக் கையில் பிடித்தபடி, கார்பன் வளையத்தில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிருமியைக் கொல்வதும் அதுதான். நம் உடலுக்குள் போனதும் முதலில் செயலிழப்பதும் அதுதான்.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. பூஞ்சையோ புழுவோ வந்தால் எழுந்து ஓட முடியாத உயிர் அது. கற்பூரவல்லி இலையின் மேல் மெத்தென்று இருக்கும் மயிர்களில் சிலவற்றின் நுனியில் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உண்டு. கசக்கும்போது உடைவது அவைதான். ஓமத்திலோ விதை என்று நாம் சொல்லும் அந்தச் சின்னக் காய்க்குள் எண்ணெய் ஓடும் குழாய்கள் இருக்கின்றன. இதை எண்ணெய் என்று சொன்னாலும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பு அல்ல. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் செக்கில் ஆட்டாமல் நீராவியில் வடிக்கிறார்கள். தைமால் தனியாகக் கொதிக்க 230 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பி வந்துவிடும். ஆறியதும் ஓம எண்ணெய் தண்ணீர் மேல் மிதக்கும், கிராம்பு எண்ணெய் அடியில் போய்த் தங்கும். முதல் உலகப் போருக்கு முன்னால் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக மாறி உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது.

சரி, இந்தப் பழைய சரக்கின் மேல் இப்போது ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? காரணம், ஆன்டிபயாடிக் மருந்துகள் கைவிடத் தொடங்கியிருப்பதுதான். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மடியாத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்து உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய உலகளாவிய மதிப்பீடு சொன்னது. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே வெட்டிப் போடும் என்.டி.எம்-1 என்ற நொதியைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வில், சென்னையில் சேகரித்த பாக்டீரியாக்களில் 44 இந்த நொதியோடு இருந்தன.

பாக்டீரியா மருந்திடமிருந்து தப்பிக்கும் முக்கிய வழிகள் மூன்று. மருந்தையே உடைத்துவிடும், என்.டி.எம்-1 செய்வது அதுதான். அல்லது, மருந்து போய்ப் பிடிக்கும் புரதத்தின் உருவத்தை மாற்றிக்கொள்ளும். மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு மடியாமல் மருத்துவமனைகளை அலைக்கழிக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பாக்டீரியா, மருந்து பிடிக்காத மாற்றுப் புரதம் ஒன்றை வைத்து இந்த வழியில்தான் தப்பிக்கிறது. மூன்றாவது, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைத்துவிடும். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பொதுவாக ஓர் ஆன்டிபயாடிக் கிருமிக்குள் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேடிப் போய்ப் பிடிக்கிறது. அந்த ஓர் இடத்தைக் காத்துக்கொண்டால் கிருமி பிழைத்துவிடும்.

கார்வக்ரால் அப்படி ஒரு புரதத்தைத் தேடிப் போவதில்லை. அது கிருமியின் தோலில் கை வைக்கிறது.

பாக்டீரியாவைச் சுற்றிச் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு சவ்வு இருக்கிறது. கொழுப்பால் ஆனது. கிருமி உயிரோடு இருப்பதே அந்தச் சவ்வின் இரு பக்கமும் உள்ள ஏற்றத்தாழ்வால்தான். வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றுகிறோம். அது கீழே இறங்கும் விசையில் குழாய்களெல்லாம் ஓடுகின்றன. பாக்டீரியா இதே மாதிரி புரோட்டான்களை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை, சவ்வுக்கு வெளியே ஏற்றி வைக்கிறது. அவை திரும்ப உள்ளே இறங்கும் விசையில்தான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. தயாராகிறது. மருந்தை இறைத்துத் தள்ளும் பம்புகளில் பலவும் இதே விசையில்தான் ஓடுகின்றன.

கார்வக்ராலுக்குக் கொழுப்பு பிடிக்கும், தண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் சவ்வைக் கண்டதும் அதற்குள் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. அடுக்கி வைத்த கொழுப்பு மூலக்கூறுகள் விலகிச் சவ்வு தளர்கிறது. அதோடு நிற்பதில்லை. அந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி புரோட்டானைச் சுமக்கும் கூலியாளாக மாறுகிறது. வெளியே ஒரு புரோட்டானைப் பிடிக்கும், சவ்வைக் கடந்து உள்ளே இறக்கும். திரும்பும்போது உள்ளிருக்கும் பொட்டாசியத்தை வெளியே கொண்டுபோகும் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். தொட்டியில் ஓட்டை விழுந்த கதைதான். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி நிறையாது.

நெதர்லாந்தில் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சமைத்து வெளியே விட்ட சோற்றில் பெருகி வாந்தியை உண்டாக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். கார்வக்ரால் சேர்த்ததும் செல்லிலிருந்து பொட்டாசியம் கசிந்தது, ஏ.டி.பி. சரிந்தது. அப்புறம் கார்வக்ராலைப் போலவே இருந்து அந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி மட்டும் இல்லாத சைமீன் என்ற பொருளைப் போட்டார்கள். அதுவும் சவ்வுக்குள் புகுந்தது, இன்னும் அதிகமாகவே வீங்கச் செய்தது. கிருமியைக் கொல்வதில் மட்டும் கார்வக்ராலின் பக்கத்திலேயே வரவில்லை. ஜோடியை மறைத்த இன்னொரு வடிவமும் தோற்றது. எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தச் சைமீன் ஓம எண்ணெயிலும் நிறைய இருக்கிறது. தனியாக அது பலவீனம். கார்வக்ராலோடு சேர்த்தால் சவ்வைத் தளர்த்தி, கார்வக்ரால் எளிதாக நுழைய வழி செய்கிறது. செடி ஒரு கலவையாகவே இதை வைத்திருப்பதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு போலிருக்கிறது.

எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி மடிவதில்லை. ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்றவற்றுக்குச் சவ்வுக்கு மேலே இன்னொரு வெளிச்சவ்வு இருக்கிறது. அதன் வெளிப்புறம் சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்தது. கொழுப்பை விரும்பும் பொருளை நுழைய விடாது. தைமாலும் கார்வக்ராலும் அந்த வெளிச்சவ்வையே ஓரளவு பிய்த்து எறிகின்றன. ஆனாலும் சூடோமோனாஸ் பெரும்பாலான எண்ணெய்களைச் சமாளித்துவிடும். அதன் பம்புகள் அவ்வளவு வலுவானவை. பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடின் வழியோ வேறு. அது வெளிச்சவ்வைப் பிய்ப்பதில்லை. உள்ளே போய்ப் புரதங்களோடு வினைபுரிகிறது. செல் இரண்டாகப் பிரிய உதவும் ஒரு புரதத்தையும் முடக்குகிறது.

இவ்வளவும் உண்மை. ஆய்வகத் தட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ.வை வளர்த்து நடுவில் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால், சுற்றிலும் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும். பத்திரிகைகளில் வரும் 'சமையலறைப் பொருள் சூப்பர் கிருமியைக் கொன்றது' என்ற செய்திகள் பல அந்த வட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு எண்ணெய் தேவைப்பட்டது என்பது.

நல்ல ஆன்டிபயாடிக், அதற்கு மடியும் கிருமியை ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவிலேயே நிறுத்திவிடும். கார்வக்ரால், தைமாலுக்கோ பல சமயம் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் வேண்டும். 300 என்றே வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அந்த ரத்தத்தை மட்டும் அந்த அளவுக்குக் கொண்டுவர ஒன்றரை கிராம் சுத்தமான கார்வக்ரால் அதில் கலந்திருக்க வேண்டும். தசை, கொழுப்பு, மூளை எல்லாம் உறிஞ்சிக்கொள்வது தனி. நம் செல்களுக்கும் கொழுப்புச் சவ்வுதானே இருக்கிறது? கிருமியின் தோலைக் கிழிக்கும் அளவு வந்தால் நம்முடையதும் சும்மா இருக்காது.

போதாததற்கு, விழுங்கிய தைமாலை நம் உடல் அப்படியே ரத்தத்தில் சுற்ற விடுவதில்லை. கல்லீரல் போன்ற உறுப்புகள் அதன்மேல் சல்பேட்டையோ குளுக்குரோனிக் அமிலத்தையோ ஒட்டி, தண்ணீரில் கரையச் செய்து, சிறுநீரில் அனுப்பிவிடும். எங்கே ஒட்டுகின்றன தெரியுமா? அதே ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியின் மேல். ஆயுதத்துக்கு உறை போட்டுவிடுவது மாதிரி. மனிதர்களுக்குச் சிறு அளவில் தைமால் கொடுத்து ரத்தத்தைப் பரிசோதித்தபோது சல்பேட் ஒட்டிய தைமால்தான் கிடைத்தது. தனித் தைமால் அகப்படவில்லை. ரத்தத்தில் பரவிய தொற்றை ஓமத்திரவம் குடித்து விரட்ட முடியாது என்பதற்கு வேதியியல் காரணம் இதுதான்.

அப்படியானால் இது எங்கே பயன்படும்? கல்லீரலைத் தாண்டாமல், கிருமி இருக்கும் இடத்திலேயே நேராகப் போடக்கூடிய இடங்களில். வாய் அப்படி ஓர் இடம். தைமால் சேர்ந்த வாய் கொப்பளிக்கும் திரவங்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து விற்பனையில் இருக்கின்றன. பற்களில் படியும் கிருமிப் படலத்தை அவை குறைப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பல் மருத்துவரிடம் போனால் மூக்கில் ஏறும் கிராம்பு வாசனை, துத்தநாக ஆக்சைடோடு, கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜெனாலைக் குழைத்த சிமெண்டிலிருந்து வருவது.

தோல் இன்னோர் இடம். ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ மரம், பெயரைப் பார்த்துத் தேயிலை என்று நினைக்க வேண்டாம், நாவல், கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகியவற்றின் உறவு. அதன் எண்ணெயை எம்.ஆர்.எஸ்.ஏ. குடியேறிய நோயாளிகளிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2004-இல் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு பிரிவாகச் சிகிச்சை பெற்றார்கள். வழக்கமான மருந்துகளில் 49 சதவீதம் பேரிடமிருந்தும், டீ ட்ரீயில் 41 சதவீதம் பேரிடமிருந்தும் கிருமி அகன்றது. மூக்குக்குள் இருந்த கிருமியை விரட்டுவதில் மியூபிரோசின் களிம்பு 78-க்கு 47 என்று தெளிவாக ஜெயித்தது. தோலின் மேற்பரப்பிலோ டீ ட்ரீ முந்தியது. அற்புதம் இல்லை, ஆனால் குப்பையும் இல்லை. இப்படி ஆட்களை வைத்து ஒப்பிட்ட ஒரு சோதனை எனக்கு நூறு ஆய்வகத் தட்டுகளைவிடப் பெரிது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த எண்ணெய்களைத் தனி ஆளாக இல்லாமல் துணையாளாகப் பயன்படுத்தும் முயற்சி. தொட்டியில் ஓட்டை விழுந்தால் விசை போய்விடும், விசை போனால் மருந்தை வெளியே இறைக்கும் பம்பும் தள்ளாடும் அல்லவா? எதிர்ப்புப் பெற்ற கிருமிக்கு ஆன்டிபயாடிக்கையும் கார்வக்ராலையோ யூஜெனாலையோ சேர்த்துக் கொடுத்த பல ஆய்வகச் சோதனைகளில், பழைய மருந்து மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. இரண்டுமே தனியாகத் தேவைப்படும் அளவில் கால் பங்குக்கு இறங்கினால் அதை உண்மையான கூட்டுவினை என்று ஏற்கிறார்கள். சிறுநீர் வெளியேற நோயாளிக்குச் செருகும் குழாய் போன்ற கருவிகளின் மேல் கிருமிகள் கூட்டமாகப் பசை போட்டு வாழும் உயிர்ப்படலத்திலும் கவனம் விழுந்திருக்கிறது. அந்தப் பசைக்குள் மறைந்த கிருமியை மருந்து கொல்வது கடினம். சின்னமால்டிஹைடு, கொல்லாத சிறு அளவிலேயே, கிருமிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்திகளைக் குழப்புகிறது.

செடி எண்ணெய்க்குக் கிருமி எதிர்ப்பு வளர்க்கவே முடியாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. சவ்வையே மாற்றிக்கொள்வது கடினம் என்பது உண்மை. ஆனால் 1997-இல் பாஸ்டனில் ஈ.கோலையைப் பைன் எண்ணெயில் வளர்த்துப் பார்த்தார்கள். தரை துடைக்கும் திரவங்களில் இருக்கும் அதே எண்ணெய். பிழைத்து வந்த கிருமிகள் பைன் எண்ணெயோடு டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளையும் முன்பைவிட நன்றாகத் தாங்கின. எண்ணெயை வெளியேற்ற அவை முடுக்கிவிட்ட பம்பு மருந்துகளையும் சேர்த்து இறைத்தது. அரைகுறை அளவில் கண்ட இடமெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தால் இதுவும் ஆன்டிபயாடிக்கின் பாதையிலேயே போகும்.

எண்ணெயின் தரமும் ஒரு சிக்கல். ஒரே செடி, வேறு மண், வேறு மாதம் என்றால் உள்ளிருக்கும் அளவுகள் மாறிவிடும். கடையில் வாங்கும் குப்பியில் எது எவ்வளவு என்று பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை. நாள்பட்டுக் காற்றுப் பட்ட டீ ட்ரீ எண்ணெய், புதிதைவிட அதிகமாகத் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும்.

வீட்டில் யூக்கலிப்டஸ் தைலமோ, கற்பூரம் கலந்த தைலமோ, கிராம்பு எண்ணெயோ இருந்தால் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சில மில்லிலிட்டர் யூக்கலிப்டஸ் தைலமே சிறு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். கிராம்பு எண்ணெய் விழுங்கிய குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சளிக்கு என்று ஒரு சொட்டுகூட வாயில் விடக் கூடாது. தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.