செயலி வாங்குவதற்கு முன்னால்: சுகாதார அதிகாரிகளுக்கான டிஜிட்டல் திட்டமிடல் பயிற்சி

2012 ஜனவரியில் உகாண்டாவின் சுகாதார அமைச்சகம் கொஞ்சம் வித்தியாசமான ஓர் உத்தரவு போட்டது. செல்போன், கணினி வழி மருத்துவத் திட்டம் எதையும் இனி யாரும் தம் இஷ்டத்துக்குத் தொடங்கக் கூடாது, அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. நன்கொடை அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று ஆளாளுக்கு ஒரு வெள்ளோட்டம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒன்றில் பதிந்த தகவல் இன்னொன்றுக்குப் போகாது. நிதி தீர்ந்தால் திட்டமும் தீர்ந்தது. பைலட் என்றால் வெள்ளோட்டம்; இந்தத் துறையில் இருப்பவர்கள் இதற்கு ‘பைலட் நோய்’ என்றே கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாடுகள் செல்போன், கணினி வழி மருத்துவத்துக்கு நீண்டகாலத் திட்டம் வகுக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2005-லேயே தீர்மானம் போட்டிருந்தது. வகுப்பது எப்படி என்று சொல்லித்தரும் கையேடு வர 2012 ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வெளியிட்ட அந்தக் கையேட்டின் வழியில் வந்ததுதான், தேசிய அளவில் டிஜிட்டல் சுகாதாரத்தைத் திட்டமிட அரசு அதிகாரிகளுக்குத் தரப்படும் பயிற்சி.

யாருக்கு இது? சுகாதார அமைச்சக அதிகாரிகளுக்கு. கூடவே தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கும். இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதே பாதி வேலை என்பேன். நோயும் மருத்துவமனையும் சுகாதாரத் துறைக்குத் தெரியும். சர்வரும் இணைப்பும் பெரும்பாலும் மற்றவர் கையில். இரண்டு பேரும் முதன்முதலாகச் சந்திப்பது டெண்டர் திறக்கும் அன்றைக்கு என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கையேடு மூன்று பகுதி: தொலைநோக்கு, செயல்திட்டம், கண்காணிப்பு. அதில் ஒரு நாடு கவனிக்க வேண்டியவை என்று ஏழு கூறுகளைச் சொல்கிறார்கள். தலைமையும் நிர்வாகமும், உத்தியும் முதலீடும், சட்டமும் கொள்கையும், ஆள்பலம், தரநிலைகள், உள்கட்டமைப்பு, கடைசியாகச் சேவைகளும் செயலிகளும். ஏழில் ஒன்றுதான் செயலி. ஆனால் செய்திகளில் வருவது, அமைச்சர் தொடங்கி வைப்பது எல்லாம் அந்த ஏழாவது மட்டுமே.

பாடத்தின் உயிர்நாடி, உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட இன்னொரு வழிகாட்டி சொல்லும் வரிசை: முதலில் நோய் சார்ந்த சிக்கல், அப்புறம்தான் தொழில்நுட்பம். ஒரு மாவட்டத்தில் குழந்தைகளுக்கு இரண்டாம் தவணைத் தடுப்பூசி விடுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அம்மாக்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம்’ என்று யாராவது உடனே சொல்வார்கள். சரி, அம்மாக்கள் மறந்ததால்தான் விடுபட்டதா? செவிலியரின் ஒரு நாள் வேலையைத் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். பதிவேட்டைத் திறக்கிறார், பெயரைத் தேடுகிறார், அட்டையில் எழுதுகிறார், அதையே டேப்லெட்டில் மறுபடி பதிகிறார், குளிர்பெட்டியைத் திறந்தால் மருந்து இல்லை. அம்மா வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். இங்கே எஸ்எம்எஸ் என்ன செய்யும்? கூடுதலாக நாலு அம்மாக்களைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வேண்டியது இருப்பையும் குளிர்நிலையையும் சொல்லும் ஏற்பாடு. இந்தியாவில் தடுப்பூசிக் கிடங்குகளுக்காக வந்த ஈவின் அந்த வகை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பத்து வகை டிஜிட்டல் முறைகளைப் பற்றிப் பரிந்துரைகள் வெளியிட்டது. இருப்பு அறிவிப்பு, பிறப்பு அறிவிப்பு, தொலைமருத்துவம் எல்லாம் அதில் உண்டு. பல பரிந்துரைகளில் ‘இன்ன சூழலில் மட்டும்’ என்று நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனைகளைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு நாட்டின் கணினி அமைப்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்ற பகுதி. கேட்க வறட்சியாக இருக்கும். பணம் வீணாவது இங்கேதான். நோயாளி யார், மருத்துவமனை எது, சிகிச்சை தந்தவர் யார் ஆகிய மூன்றுக்கும் நாடு முழுக்கப் பொதுவான பதிவேடு வேண்டும். ஒரே ஆரம்ப சுகாதார நிலையம் ஓர் அமைப்பில் முழுப்பெயரோடும் இன்னொன்றில் ‘ஆ.சு.நி.’ என்றும் மூன்றாவதில் ஆங்கில எழுத்துப் பிழையோடும் இருந்தால் கணினிக்கு அவை மூன்று இடங்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுக்கு இது புதிதில்லை. மாநிலத்தின் கர்ப்பப் பதிவான பிக்மியில் 12 இலக்க எண், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண். எந்த எண்ணை எங்கே கேட்பார்கள், இரண்டும் இணைந்திருக்கிறதா என்று குழம்புவது அந்தப் பெண்தான். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய இடம் திட்டமிடும் மேசை.

செலவுக் கணக்கையும் போட வைக்கிறார்கள். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கலாம். ஆனால் டேப்லெட் உடையும், டேட்டா பேக் தீரும், புதிதாகச் சேர்ந்த செவிலியருக்குப் பயிற்சி தர வேண்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தொடக்க ஆண்டுச் செலவை மட்டும் காட்டும் திட்ட அறிக்கையை நம்ப வேண்டாம். சட்டப் பகுதிக்கு முன்பு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை; இலங்கையில் 2022-இலும் இந்தியாவில் 2023-இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்த பிறகு அதைத் தாண்டிப் போக முடியாது.

எனக்கு இதில் ஒரே ஒரு பெரிய சந்தேகம் உண்டு. பயிற்சி பெற்ற அதிகாரிக்கு அடுத்த மாதமே இடமாற்ற உத்தரவு வந்தால்? எங்கும் நடப்பதுதான். சில நாள் வகுப்பு ஆளுக்குத்தான் கிடைக்கிறது, நாற்காலிக்கு இல்லை.

இலங்கை இதற்கு வேறு வழி கண்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் 2009-இல் நார்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழக ஒத்துழைப்போடு உயிர்மருத்துவத் தகவலியலில், அதாவது மருத்துவத் தகவல்களைக் கணினி வழியாகக் கையாளும் துறையில், முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் அரசு மருத்துவர்கள். படித்து முடித்தவர்கள் அமைச்சுக்கும் மருத்துவமனைகளுக்கும் தகவலியல் பணிக்கே திரும்பினார்கள். பின்னர் இது மருத்துவத்தில் தனிச் சிறப்புத் துறையாகவும் ஆனது. அதாவது, இடமாற்றம் வந்தாலும் வேலை மாறாத ஒரு கூட்டம் உருவானது.

பலன் 2020 ஜனவரியில் தெரிந்தது. கொரோனா பரவத் தொடங்கியதும், ஒஸ்லோவில் உருவான, சுகாதாரத் தகவல்களைத் திரட்டும் டிஎச்ஐஎஸ்2 என்ற கட்டற்ற மென்பொருளை வைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளைப் பதிந்து கண்காணிக்கும் ஏற்பாட்டை இலங்கைக் குழு அவசரமாகச் செய்து முடித்தது. வெளியூர் நிறுவனத்துக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்கவில்லை. அந்த வடிவத்தைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நார்வே நகராட்சிகள் பலவும் தொற்றுத் தொடர்புகளைத் தேட அதே மென்பொருளுக்கு வந்தன.

பயிற்சிக்குப் போக விரும்பும் அதிகாரி பொதுவாகத் தன் அமைச்சகம் வழியாகத்தான் போக முடியும். மற்றவர்களுக்கு வகுப்பு இல்லாவிட்டாலும் பாடம் உண்டு: 2012 கையேடு, 2019 பரிந்துரைகள், 2020 வழிகாட்டி எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற உலக டிஜிட்டல் சுகாதார உத்தி 2025-இல் முடிய வேண்டியது, 2027 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதையொட்டி வரும் தேசியத் திட்ட ஆவணம் ஏதாவது கையில் கிடைத்தால், முன்னுரையைத் தள்ளிவிட்டு நேராகச் செலவுப் பக்கத்துக்குப் போங்கள். மூன்றாம் ஆண்டுப் பணம் யாருடையது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.