எதுகை ஏன் மறப்பதில்லை?

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ பரணை ஒழிக்கும்போது, சிறுவயதில் ஆச்சி படித்துக் காட்டிய படப்பாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தால், பக்கத்தைப் புரட்டும் முன்பே அடுத்த அடி நாவில் வந்து நிற்கும். அந்த வயதில் படித்த உரைநடைப் பாடமோ ஒரு வரிகூட நினைவில் தேறாது. பலமுறை சொன்னது ஒரு காரணம் என்றாலும், பெரிய காரணம் பாட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

விளக்கத்துக்காக இரண்டு அடிகளைக் கட்டிக்கொள்வோம்:

ஆற்றங் கரையில் அணில்பிள்ளை
காற்றில் ஆடும் மருதேறும்

இரண்டாம் அடியை மறந்தவருக்குப் பொருள் மட்டும் துணை நின்றால் கிளை, பழம், கொட்டை என எத்தனையோ சொற்கள் வரிசைகட்டும். ஓசை மட்டும் நின்றால் நாற்று, சேற்று, கீற்று எனப் பல சொற்கள் பொருந்தும். இரண்டும் சேரும்போது மிகச் சிலவே எஞ்சுகின்றன. வாய்மொழிப் பாடல்களின் நினைவை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் 1995இல் வெளியிட்ட நூலில் விளக்கியதும் இதைத்தான்: பொருளும் ஓசையும் சந்தமும் தனித்தனியே வலுவற்ற குறிப்புகளாக இருந்தாலும், ஒன்றுகூடும்போது சொல்லைத் தப்பவிடுவதில்லை.

தமிழ்ப் பாட்டுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. ஆங்கிலக் குழந்தைப் பாடல்களில் ஓசை ஒன்றுவது பெரும்பாலும் அடியின் முடிவில். அடுத்த அடியை எப்படித் தொடங்குவது என்பதற்கு அது உதவாது. எதுகையோ அடியின் முதற்சீரிலேயே, ‘ஆற்றங்’, ‘காற்றில்’ என்பதுபோல் இரண்டாம் எழுத்து ஒன்றி அமைந்து, தடுமாறும் இடத்திலேயே கைகொடுக்கிறது. எட்டயபுரத்துப் பாரதியின் பாப்பா பாட்டில் ஈறுகள் ‘பாப்பா’ என்றே திரும்பத் திரும்ப வருவதால், அவை அடுத்த அடியைச் சுட்டுவதில்லை. ‘ஓடி’யிலிருந்து ‘கூடி’க்கு நம்மை அழைத்துச் செல்வது எதுகைதான்.

எதுகை காவலாகவும் நிற்கிறது. ‘காற்றில்’ என்பதற்குப் பதில் ‘தென்றலில்’ என்று யாரும் மாற்றிச் சொல்லிவிட முடியாது; காது உடனே மறுக்கும். ஆனால் ‘மருதேறும்’ என்பது ‘மரமேறும்’ என்று மாறினால் சந்தம் சிதையாது, எதுகையும் கெடாது. வளர்ந்தபின் புத்தகத்தைத் திறப்பவர் தம் நினைவும் அச்சும் வேறுபடுவதைக் காண்பது பெரும்பாலும் இத்தகைய காவலற்ற சீர்களில்தான். தாமிரபரணிக் கரையின் மருதமரம் வெறும் மரமாகிப்போவது இப்படித்தான்.

ஆக்ஸ்போர்டில் பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, நான்கைந்து வயதில் ஓசை ஒற்றுமையைப் பிரித்தறியும் திறன் பின்னாளைய வாசிப்புத் திறனோடு தொடர்புடையது என்று காட்டியது. ஆகவே பேரப்பிள்ளைக்குப் படித்துக் காட்டும் தாத்தா, அடியின் முடிவில் நிறுத்துவதைவிட, பக்கத்தைப் புரட்டி ‘கா...’ என்று எடுத்துக்கொடுத்து நிறுத்துவது நல்லது. மீதியைப் பிள்ளையே சொல்லட்டும்.