இறுக்கமும் வேண்டும், தளர்வும் வேண்டும்: தானாக ரவை ஏற்றும் ரைபிளின் பௌதிகம்

ஒலிம்பிக்கில் 25 மீற்றர் அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஐந்து இலக்குகளை 4 செக்கனுக்குள் சுட வேண்டிய சுற்றுகள் உண்டு. கையால் ரவை ஏற்ற நேரமே இல்லை, துவக்கே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதே .22 ரவையைச் (0.22 அங்குல விட்டமுள்ளது) சுடும் 50 மீற்றர் ரைபிள் போட்டியிலோ ஒவ்வொரு ரவையையும் கையால்தான் ஏற்றுகிறார்கள். குறியின் துல்லியம் என்று வரும்போது தானியங்கி ஏன் பின்தங்குகிறது?

யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றதும் விளையாட்டு நினைவுக்கு வராது. காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குள் இருப்பது நம் பிள்ளைகள் உயர்தரத்தில் படிக்கும் அதே பௌதிகம்தான். அதை அச்சமில்லாமல் விளங்கிக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

சுட்டதும் வெடிமருந்தின் வாயு, ரவையின் முனையிலுள்ள 2.6 கிராம் ஈயச் சன்னத்தை முன்னே தள்ளுகிறது, வெற்றுக் கோதைப் பின்னே தள்ளுகிறது. கோதுக்குப் பின்னால் போல்ட் என்ற எஃகுக் கட்டி நிற்கிறது. 1964 இல் வந்த ரூகர் 10/22 போன்ற ரைபிள்களில் அதற்குப் பூட்டு இல்லை. அதன் திணிவும் ஒரு சுருள்வில்லும்தான் அதைப் பிடித்துவைக்கின்றன. சன்னம் செக்கனுக்கு 320 மீற்றரில் பறந்தால், உந்தக் காப்பின்படி 180 கிராம் போல்ட் செக்கனுக்கு ஏறக்குறைய 4.6 மீற்றர் வேகத்தில் பின்னே வர வேண்டும். வரும்போது கோதை வெளியே எறிகிறது. வில் திருப்பித் தள்ளும்போது ரவைகளை அடுக்கிவைத்த மகசினிலிருந்து அடுத்த ரவையை, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் செருகுகிறது.

சிக்கல் அந்த அறையில்தான். குறி பிசகாமல் இருக்க, சன்னம் ஒவ்வொரு தடவையும் குழலின் மையக்கோட்டில் ஒரேமாதிரி உட்கார வேண்டும். அதற்கு அறை இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் .22 ரவையின் சன்னத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். மெழுகும் கரியும் ஈயத் துகளும் இறுக்கமான அறையில் படிந்தால் ரவை முழுதாக உள்ளே போகாது, கோதும் இலகுவில் வெளியே வராது. கையால் ஏற்றுபவர் விரலால் உணர்ந்து இன்னும் கொஞ்சம் அழுத்துவார். சுருள்வில்லுக்கு அது தெரியாது. அதனால் சாதாரண தானியங்கிகளில் அறையைச் சற்றுத் தளர்வாகவே வெட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அளவெடுத்து உருவாக்கியதுதான் பென்ட்ஸ் அறை. தானியங்கியைத் துல்லியமாக்க விரும்புவோர் அந்த அறையுள்ள குழலைத் தேடி வாங்குவது அதனால்தான்.

ரவையிலும் இதே இழுபறி. வேகமான ரவை போல்ட்டை நன்றாக உதைக்கும், இயக்கம் தடைப்படாது. ஆனால் அது குறிக்குக் கெடுதல். 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர். அதைத் தாண்டிய சன்னத்தைக் காற்றுத்தடை சட்டென்று மெதுவாக்குகிறது. பக்கக் காற்று சன்னத்தை எவ்வளவு ஒதுக்கும் என்பது இந்த வேக இழப்பைப் பொறுத்தது. ஆகவே நம் ஊர்ச் சோளகக் காற்றில் வேகமான .22 சன்னம்தான், மெதுவானதைவிட அதிகமாக ஒதுங்கும்! நம்பச் சற்றுக் கடினம், ஆனால் உண்மை.

ரவைக்கு ரவை வேகம் மாறுவது இன்னும் மோசம். காற்றுத்தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 320 மீற்றர் வேகச் சன்னம் 50 மீற்றர் போவதற்குள் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் விழும். வேகம் 330 ஆனால் விழுவது 7 மில்லிமீற்றர் குறையும். 50 மீற்றர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான்.

குழலும் சும்மா இருப்பதில்லை. வெடிப்பில் அது நடுங்கி, நுனி மேலும் கீழும் ஆடும். ஊஞ்சல் இரு கரையிலும் ஒரு கணம் நின்று திரும்புவதுபோல நுனியும் திரும்பும். சன்னம் அந்தக் கணத்தில் வெளியேறினால், சிறு நேர வித்தியாசம் குறியைப் பெரிதாகப் பாதிக்காது. ஆட்டம் எப்போதும் ஒரேமாதிரி இருக்கவே குழலை மரப்பிடியில் முட்டாமல் விடுகிறார்கள், கனமான குழலையும் விரும்புகிறார்கள்.

அப்புறம், துப்புரவு. நம் உப்புக் காற்றில் எஃகு துருப்பிடிக்கும் என்று எண்ணெயை அள்ளிப் பூசத் தோன்றும். அந்த எண்ணெயில் கரி ஒட்டிப் பசையானால் போல்ட் மெதுவாகும், அடுத்த ரவை பாதியில் நிற்கும். குழலின் உட்புறத்தைவிட அறையையும் போல்ட்டின் முகத்தையும்தான் அடிக்கடி துடைக்க வேண்டும், எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் போதும்.