மரச்சட்டம் வைத்த டைல்ஸ் மேடை: அந்த இடுக்கில் மட்டும் சிமென்ட் வேண்டாம்

கோவையில் சமையலறை வேலைகள் எடுத்துச் செய்கிறேன். கிரானைட்டுக்குப் பதிலாக டைல்ஸ் ஒட்டி, முன்விளிம்பில் தேக்குச் சட்டம் வைத்த மேடையை இப்போது பலர் விரும்பிக் கேட்கிறார்கள். அழகான வேலை, முறையாகச் செய்தால் நன்றாக உழைக்கும். ஆனால் புதிதாகப் போடக் கூப்பிடுகிறவர்களைவிட, போட்டதைப் பிரிக்கக் கூப்பிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். போன வாரமும் ஒரு வீடு.

சிங்க் பக்கத்துச் சட்டத்தை நெம்பவே தேவைப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. இரும்பு ஆணிகள் துருப்பிடித்து, சுற்றிலும் மரம் கறுத்திருந்தது. உள்ளே ப்ளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து, விரல் வைத்தால் உள்ளே போனது. சுவரோரம் கரையான் மண். மேலே டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. “டைல்ஸ்ல தண்ணி இறங்காதுன்னு மேஸ்திரி சொன்னாருங்களே?” என்று அந்த வீட்டம்மா கேட்டார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. டைலில் தண்ணீர் இறங்காதுதான். விட்ரிஃபைட் டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. ஆனால் மேடை முழுக்க ஒரே டைலா? டைலுக்கு டைல் நடுவே கோடு இருக்கிறது. அதில் அடைக்கிற ஒயிட் சிமென்ட் தண்ணீரைக் குடிக்கும். மஞ்சளையும் பிடித்துக்கொள்ளும். புளியும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு அரித்துப்போகும். எல்லாவற்றையும்விட மோசமான இடம், டைலும் மரமும் சேருகிற இடுக்கு. மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு; குறுக்குவாக்கில் மழைக்காலத்தில் உப்பும், வெயில்காலத்தில் சுருங்கும். தேக்கு குறைவாக அசையும், அவ்வளவுதான். அசையாத மரம் கிடையாது. டைல் இருந்த இடத்தில் இருக்கும். நடுவில் இருக்கிற சிமென்டுக்கு இழுவையே இல்லை. அதனால் ஓரமாக மயிரிழை விரிசல் விடும். பாத்திரம் கழுவி முடித்ததும் மேடைத் தண்ணீரைத் துணியால் எந்தப் பக்கம் தள்ளுகிறோம்? முன்பக்கம்தான், அந்த விரிசலை நோக்கி. தினமும். உள்ளே போன தண்ணீர் காய வழியில்லை. “திரும்ப ஒயிட் சிமென்ட் வெச்சு அடைச்சுட்டோம்” என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். நூறு முறை அடைத்தாலும் அது விரிசல் விடும்.

அந்த இடுக்கு 3 மி.மீ. இருக்கட்டும், அதில் ரப்பர் போல இழுபடும் சிலிகான் மட்டும் வையுங்கள். மேடையும் சுவரும் சேருகிற மூலையிலும், சிங்க் சுற்றிலும் அப்படியே. வாங்கும்போது நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பிரித்ததும் வினிகர் வாடை அடித்தால் அது வேறு வகை. கண்ணாடிக்குச் சரி, சிமென்ட் பட்ட இடத்தில் சரியாகப் பிடிக்காது.

அடித்தளம் ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் ப்ளை. மேலே சிமென்ட் போர்டு, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு, பிறகு பாலிமர் கலந்த டைல் பசை. ப்ளைவுட் மேல் நேரடியாகச் சிமென்ட் பால் ஊற்றி டைல் பதிக்கிறவரை அங்கேயே நிறுத்துங்கள். சிங்குக்கு வெட்டிய ப்ளைவுட் விளிம்பு பச்சையாக இருக்கக் கூடாது. அங்கும் பூச்சு வேண்டும். சுவருக்கான செராமிக் டைல் மலிவு என்று மேடைக்கு வாங்கி வராதீர்கள். கோடுகளை அடைக்க ஒயிட் சிமென்டுக்குப் பதில் எபாக்ஸி கிரவுட், அதாவது ரெசின் கலந்த அடைப்புக் கலவை. விலை கூடுதல்தான், ஆனால் மேடையின் பரப்பு எவ்வளவு பெரிது? காங்கிரீட் மேடைக்கு ப்ளைவுட் கவலை இல்லை, மற்றதெல்லாம் பொருந்தும்.

இதில் ஆசாரி ஒரு நாள் வருவார், டைல்ஸ் மேஸ்திரி வேறொரு நாள் வருவார். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. 18 மி.மீ. ப்ளை, 10 மி.மீ. போர்டு, பசை, டைல் எல்லாம் சேர்ந்தால் 40 மி.மீ.யைத் தாண்டும். ஒன்றரை அங்குலச் சட்டத்தை ஆசாரி முன்கூட்டியே இழைத்து வைத்துவிட்டால் கீழே ப்ளைவுட் தெரியும். அதை மறைக்க மெல்லிய ரீப்பர் ஒட்டுவார்கள், அது முதல் வருடமே பெயரும். இரண்டு அங்குலம் வேண்டும். இருவரையும் ஒரே நாளில் நிற்கவைத்து, ஒரு டைலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். டைலும் கிரவுட்டும் முடிந்த பிறகே சட்டம் ஏற வேண்டும். ஏறும் முன்பே பின்புறம், அடிப்புறம், இரண்டு முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் பாலிஷ் வாங்கியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் பாலிஷ் போட்ட சட்டம் அரைவேலை. ஆணி வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. மாட்டிய பிறகு சமப்படுத்துகிறேன் என்று சாண்டர் ஓட்டினால் டைலின் பளபளப்பு போய்விடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி மேடையைத் துடைத்துக் காயவிட்டு, சட்டத்தின் ஓரமாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, நகம் இறங்கினாலோ, அந்தச் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு சிலிகான் வையுங்கள். பழைய சிலிகான் கறுத்திருந்தால் அதன்மேலேயே புதிதைப் பூசாதீர்கள், முழுதாக வெட்டி எடுத்த பிறகு வையுங்கள். பாத்ரூம் ஆசிட் பாட்டிலைச் சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.