உத்தியோகம்: வேலையா, தொழிலா?

கோவை கணபதியில் சித்தப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை. மில் வேலையை விட்டுவிட்டு வைத்தது. 2018-இல் இன்னொரு மெஷின் வாங்க வங்கிக் கடன் கேட்டுப் போனவரிடம் 'உத்யோக் ஆதார்' இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்பினார்: "ஏங்கண்ணு, உத்தியோகமே வேண்டாம்னுதான மில்லுல இருந்து வெளிய வந்தேன். இப்ப உத்தியோகத்துக்கு ஆதார் கேக்கறாங்களே, நான் எங்க போவேன்?"

அவர் காதில் தப்பில்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் இந்திக்காரர்கள். இந்தியில் 'உத்யோக்' என்றால் ஆலை, தொழில்துறை. ஆலை முதலாளியை 'உத்யோக்பதி' என்பார்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த பதிவுக்கு அதனால்தான் அந்தப் பெயர். தமிழனுக்கோ உத்தியோகம் என்றால் மாதம் பிறந்தால் சம்பளம். ஒரே சொல்லை வடக்கே முதலாளியும் தெற்கே குமாஸ்தாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வடமொழியில் இது உத் + யோகம். 'உத்' என்பது மேல்நோக்கி எழுவதைக் குறிக்கும் முன்னொட்டு. 'யுஜ்' என்ற வினையடிக்குப் பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். உபயோகம், பிரயோகம், வியோகம் எல்லாம் அந்த அடியில் பிறந்தவைதான். ஆக, தன்னை ஒரு காரியத்தில் பூட்டிக்கொண்டு எழுவது உத்தியோகம். மாடு வண்டியில் பூட்டப்படுகிறது. வண்டி யாருடையது என்பதைப் பற்றி இந்தச் சொல் வாயே திறக்கவில்லை.

பாரதத்தில் உத்தியோக பருவம் என்று ஒரு பகுதி உண்டு. வில்லிபுத்தூரார் பாடிய தமிழ்ப் பாரதத்திலும் இருக்கிறது. கண்ணன் தூது போவது அதில்தான். பாண்டவர்கள் அங்கே யாரிடமும் வேலை கேட்டு விண்ணப்பம் போடவில்லை. போருக்கு ஆயத்தம் செய்கிறார்கள். (வேலை கேட்டுப் போன கதை அதற்கு முந்தைய விராட பருவம். பீமன் சமையற்காரன், அர்ச்சுனன் நாட்டிய ஆசான்.) பஞ்சதந்திரத்தில் வரும் பழைய சுலோகம் ஒன்றும் 'உத்யோகி'யான ஆண்சிங்கத்தைத் தேடி லட்சுமி வருகிறாள் என்கிறது, விதி கொடுக்கும் என்று உட்கார்ந்திருப்பவன் கோழை என்று அடுத்த வரியில் ஏசுகிறது. அங்கே உத்யோகி என்பவன் முயற்சி உடையவன். இன்றைய தெலுங்கில் அதே 'உத்யோகி' சம்பளக்காரர். வேலையில்லாதவர் 'நிருத்யோகி'. மலையாளத்தில் வேலைக்கு மனுப் போடுகிறவர் 'உத்யோகார்த்தி'.

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற வாசகத்தை இந்தப் பின்னணியில் படித்துப் பாருங்கள். முயற்சிதான் ஆணுக்கு அழகு என்பது அதன் நேர்ப்பொருள். நம் வீடுகளில் அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் கடை வைக்கப்போகிறேன் என்ற பையனைத் தடுப்பதற்காகவே சொன்னார்கள். 'கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்கணும்' என்ற பழமொழியும் சேர்ந்துகொண்டால் பையன் கதை முடிந்தது. உத்தியோகம் பார்க்காத மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்காத ஊரில் முயற்சி என்ற பழைய பொருள் யாருக்கு நினைவிருக்கும்?

இலங்கையில் இந்தச் சொல் இன்னும் அரசு அலுவலகத்துக்குள்ளேயே நடமாடுகிறது. அங்கே கிராம உத்தியோகத்தர் உண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகை 'அதிகாரப்பூர்வமாக' என்று எழுதும் இடத்தில் இலங்கைப் பத்திரிகை 'உத்தியோகபூர்வமாக' என்று எழுதும். அதே நாட்டில் சின்னக் கடை வைத்திருப்பவரையும் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்களத்திலும் அவர் 'முதலாளி'தான். முதல் போட்டு அதை ஆள்பவர் என்ற நேர்ப்பொருளில் பார்த்தால் அது மிகச் சரி. ஆலை வைத்திருந்தால்தான் முதலாளி என்று நினைப்பது நாம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைத் தூக்கி எல்லா இடத்திலும் வைத்தால் சித்தப்பாவுக்கு நேர்ந்ததுதான் நேரும். சம்பள வேலை என்ற பொருளில் வந்தால் பணி, வேலை, அலுவல். இவற்றில் எனக்குப் பிடித்தது வேலை. பழைய இலக்கியத்தில் 'வேலை' கடலையும் குறித்தது; ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்குள் நுழையும்போது அந்தப் பொருளும் பொருத்தமாகத்தான் படுகிறது. உத்தியோகஸ்தருக்கு அலுவலர் அல்லது பணியாளர். இந்தியின் உத்யோகுக்குத் தொழில், தொழில்துறை. பழைய வடமொழிப் பொருளுக்கு முயற்சி, ஊக்கம், ஆள்வினை. குறள் 594 அந்த லட்சுமி சுலோகத்தின் உடன்பிறப்பு போலவே இருக்கும்:

'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும் அசைவிலா
ஊக்க முடையா னுழை.'

தளராத ஊக்கம் உள்ளவன் வீட்டுக்குச் செல்வம் தானே வழி கேட்டுக்கொண்டு போய்ச் சேரும். புருஷ லட்சணத்துக்கும் நேர் நிகர் வேண்டும் என்றால் குறுந்தொகை 135-இல் 'வினையே ஆடவர்க்கு உயிரே' இருக்கிறது. வினை என்றால் செயல். யார் சம்பளம் கொடுக்கிறார் என்று இதுவும் கேட்பதில்லை.

'தொழில்' மட்டும் ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தொழிலாளி என்றால் கூலி வாங்குகிறவர், தொழிலதிபர் என்றால் கூலி கொடுக்கிறவர். இரண்டிலும் தொழில் இருக்கிறது. ஆனால் பேச்சில் தெளிவு உண்டு. 'தொழில் பண்றார்' என்றால் சொந்தத் தொழில், 'வேலைக்குப் போறார்' என்றால் பிறர் நிறுவனம். எந்த ஊர்க்காரருக்கும் இது குழம்பாது. புதிதாக ஒன்றைத் தொடங்குபவருக்கு அரசும் பத்திரிகைகளும் 'தொழில்முனைவோர்' என்று சொல்கின்றன. முனைதல் என்றால் ஊக்கத்தோடு முற்படுதல். பழைய உத்யோகிக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது. 'ஓர்' விகுதி பலர்பாலுக்கு உரியது என்பதால் ஒரே ஒருவரைச் சொல்லும்போது கொஞ்சம் உறுத்தும். 'முனைவர்' என்று சுருக்கலாம் என்றால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆய்வுப் பட்டம் வாங்கியவர் உட்கார்ந்திருக்கிறார்.

சித்தப்பா அப்போது பிரவுசிங் சென்டரில் பதிவு செய்து, சான்றிதழை லேமினேட் பண்ணி, பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். 2020 ஜூலை 1 முதல் அந்தப் பதிவை எடுத்துவிட்டு 'உத்யம்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய பதிவுக்காரர்களும் மறுபடி பதிய வேண்டும் என்றார்கள். புதுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"உத்யோகத்துல இருந்த யோகத்த மட்டும் உருவிட்டாங்களா கண்ணு?"