ஒற்றைச் சக்கர ட்ரெய்லர் கரடுமுரடான பாதையில் எப்படி ஓடுகிறது?

காட்டுப் பாதையில் பல நாள் சைக்கிளில் போவதென்றால் கூடாரம், தூக்கப்பை, அடுப்பு, சாப்பாடு என்று 20 கிலோ சாதாரணமாகச் சேர்ந்துவிடும். தண்ணீர் கிடைக்காத வழியானால் இன்னும் கூடும். லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பேரமே கிடையாது. இந்தச் சுமையைப் பின் சக்கரத்தின் இருபுறமும் பைகளில் தொங்கவிடலாம், அல்லது ட்ரெய்லரில் வைத்து இழுக்கலாம். இழுப்பதால் சுமை குறையாது, ட்ரெய்லரின் எடையும் சேர்ந்து கூடத்தான் செய்யும். மாறுவதெல்லாம் அந்த எடை தரையை எங்கே அழுத்துகிறது என்பதுதான். ட்ரெய்லரின் நல்லது கெட்டது எல்லாம் அதிலிருந்தே வருகிறது.

ஒற்றையடிப் பாதைக்கு ஒற்றைச் சக்கர ட்ரெய்லர்தான் தோது. இரண்டு சக்கரம் இருந்தால் அகலமான வழி வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறினால் வண்டி குடை சாயும். ஒற்றைச் சக்கர வண்டி சைக்கிளின் தடத்திலேயே வரும். முழுக்க அல்ல: நான்கு மீட்டர் ஆரமுள்ள வளைவில், ட்ரெய்லர் திரும்பும் இணைப்புக் கீலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சக்கரம் சுமார் 13 சென்டிமீட்டர் உள்பக்கமாக வெட்டிச் செல்லும். பள்ளத்தின் ஓரம் உள்பக்கம் இருந்தால் அந்த 13 சென்டிமீட்டரை மறக்கக் கூடாது.

இணைப்பில்தான் சூட்சுமம். ட்ரெய்லரின் இரு கைகளும் பின் சக்கர அச்சில் மாட்டிக்கொள்கின்றன, அங்கே மேலும் கீழும் அசையலாம். சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் செங்குத்தான கீல் ஒன்று இருக்கிறது, அதில் இடமும் வலமும் திரும்பலாம். பக்கவாட்டில் சாய மட்டும் தனிச் சுதந்திரம் கிடையாது; சைக்கிள் சாய்ந்தால் ட்ரெய்லரும் கூடவே சாயும். அதனால்தான் ஒரே சக்கரத்தில் அது நிற்க முடிகிறது. அதனால்தான் எழுந்து நின்று சைக்கிளை ஆட்டி மிதித்தால், பின்னால் இருக்கும் மூட்டையையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கிறது. கனமானவை அடியில் இருக்க வேண்டும், சின்ன கியரில் உட்கார்ந்தே ஏற வேண்டும்.

ஏற்றத்தில் இன்னொரு சங்கதி. நம் மிதியை மண்ணுக்குக் கடத்துவது பின் சக்கரம் மட்டுமே. அதன் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. தோராயமாகக் கணக்குப் போடலாம். ஆளும் சைக்கிளும் 85 கிலோ, அதில் பின் சக்கரத்தின் பங்கு 51 என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ சுமையும் பைகளும் கேரியருமாக 22 கிலோ பின்னால் ஏறினால் மொத்தம் 107 கிலோவில் 73 கிலோ, அதாவது 68 சதவீதம், பின் சக்கரத்தில் விழுகிறது. அதே 20 கிலோ சுமை 7 கிலோ ட்ரெய்லரில் போனால் அந்த 27 கிலோவில் சுமார் 11 மட்டுமே சைக்கிள் அச்சில் இறங்கும். மொத்தம் 112 கிலோவில் 62, அதாவது 55 சதவீதம்தான். மீதியைச் சுமக்கும் சின்னச் சக்கரம் இழுவைக்கு எதுவும் தருவதில்லை. உதிரிச் சரளை ஏற்றத்தில் கால் பலம் மிச்சமிருக்கும்போதே டயர் சும்மா சுழல்வது இதனால்தான். பதிலுக்கு, பின் சக்கரத்தின் கம்பிகளும் ஃபிரேமும் பிழைத்துக்கொள்கின்றன. பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் கேரியர் பொருத்துவதே சிரமம், அங்கே ட்ரெய்லர் பெரிய உபகாரம்.

சின்னச் சக்கரத்துக்கு அதன் விலை உண்டு. பரவலாக ஓடும் பாப் யாக் ட்ரெய்லரில் 16 அங்குலச் சக்கரம். அதில் 32 கிலோ வரை ஏற்றலாம். ஐந்து சென்டிமீட்டர் உயரக் கல்லின் மேல் ஒரு சக்கரத்தை மெதுவாக ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 37 சென்டிமீட்டர் ஆரமுள்ள 29 அங்குலச் சக்கரத்துக்கு, அதன் மேல் உள்ள எடையில் 58 சதவீத அளவுக்கு இழுவிசை தேவை. 20 சென்டிமீட்டர் ஆரச் சக்கரத்துக்கு அதுவே 88 சதவீதம். சைக்கிள் தாண்டிவிட்ட கல்லில் ஒரு கணம் கழித்துப் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுப்பது தெரியும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அந்த வெடுக்கு மழுங்கும்.

அப்புறம் இறக்கம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ட்ரெய்லருக்குப் பிரேக் கிடையாது. 10 சதவீதச் சரிவில், ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் வினாடிக்கு இரண்டு மீட்டர் குறையும்படி பிரேக் பிடித்தால் 27 கிலோ ட்ரெய்லர் சுமார் 80 நியூட்டன் விசையோடு, அதாவது எட்டு கிலோ எடை அளவுக்கு, முன்னே தள்ளும். நேராக இருக்கும்வரை பரவாயில்லை. கீல் மடங்கிய நிலையில் அதே தள்ளலில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பி, பின் சக்கரத்தை வெளியே ஒதுக்குகிறது. பிரேக்கில் சக்கரம் ஏற்கெனவே சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கினால் சைக்கிளும் ட்ரெய்லரும் கீலில் மடங்கிவிடும். ஆகவே பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையில்.

சூட்டையும் பாருங்கள். 112 கிலோவோடு 500 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 550 கிலோஜூல் ஆற்றல் வெளியாகிறது; 20 டிகிரித் தண்ணீர் ஒன்றரை லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகமாக விட்டால் காற்று பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மெதுவாகத்தான் இறங்க முடியும் என்கிற பாதையில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளுக்கே போகிறது. நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று ஆறவிடுவது நேர விரயம் ஆகாது.

வேகம் கூடும்போது ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கலாம். சுமையின் எடைமையம் ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் போனால் அது இணைப்பைத் தூக்கிப் பிடிக்கும், ஆட்டம் அடங்காமல் வளரும். கனத்தை முன்னே தள்ளி, அசையாமல் இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் தீரும்.

ஒவ்வொரு கல்லும் உலோகத்துக்கு ஒரு வளைப்பு. ஆயிரக்கணக்கில் சேரும்போது வெல்டிங் ஓரத்தில் விரிசல் பிறக்கிறது. சாயங்காலம் மூட்டை இறக்கியதும் கீலையொட்டிய வெல்டிங்கைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். பெயின்டில் மயிரிழைக் கோடு, அதன் ஓரத்தில் துருப்பொடி தெரிந்தால் உலோகம் பிளக்க ஆரம்பித்திருக்கிறது. கூடாரக் கம்பி ஒன்றை விரிசலின் மேலே அணைத்து வைத்து, ஹோஸ் கிளாம்புகளால் (குழாயை இறுக்கும் உலோகப் பட்டைகளால்) இறுக்கி, தண்ணீரையும் கனமான பொருள்களையும் சைக்கிளுக்கு மாற்றி மெதுவாக ஓட்டினால், வெல்டிங் பட்டறை இருக்கும் ஊர்வரை தாங்க வாய்ப்பு உண்டு.