நரகம், நிரயம், அளறு: ஒரு சொல் விளக்கம்

தீவினை செய்தோரின் உயிர் இறந்த பின் புகுந்து துன்புறும் இடம் நரகம் எனப்படும். இது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். இதற்கு நேரான தமிழ்ச் சொல் அளறு. இவ்விரண்டுக்கும் நடுவே நிரயம் என்ற சொல்லும் உண்டு. அது சங்கப் பாடல்களிலேயே வருவதால் தனித்தமிழ் என்று பலர் எண்ணுகின்றனர், ஆனால் அதுவும் வந்த சொல்லே. பேய்க்கதையும் மறுமைக்கதையும் எழுதுவோர், பிறமொழி மாயப் புனைவுகளைத் தமிழாக்குவோர் ஆகியோர் இம்மூன்றையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வைத்து எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. மூன்றும் குறிப்பது ஒன்றேயாயினும், ஒவ்வொன்றும் படிப்பவர் கண்முன் நிறுத்தும் காட்சி வேறு. நன்மை தீமைகளின் பயனை மறுமையில் வைத்துக் காட்டும் கதைக்கு அந்த வேறுபாடு மிகவும் வேண்டியது என்பதால், ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்து வந்தது என்பதை அறிந்து எழுதுவது நல்லது.

நரகம் என்ற சொல்லின் பழைய வடிவத்தை அதர்வ வேதத்தில் காணலாம். இரந்து கேட்ட பசுவைக் கொடாமல் தடுத்து வைப்பவனுக்கு உரியது 'நாரக உலகம்' என்று அங்கே சொல்லப்படுகிறது. வேதச் சொற்களுக்குப் பொருள் விளக்கிய யாஸ்கர், தம் நிருக்தத்தில் இச்சொல்லுக்கு இரண்டு காரணங்கள் கூறுகிறார். கீழ்நோக்கிச் செல்லுதல் என்பது ஒன்று. மகிழ்ந்திருப்பதற்குச் சிறிதளவு இடமும் இல்லாதது என்பது மற்றொன்று. முதல் விளக்கம் நம் பேச்சு வழக்கில் இன்றும் வேறொரு சொல்லில் உயிரோடு இருக்கிறது. ஒருவர் பிழைப்புக் கெட்டுப் போனால் 'அதோகதி ஆகிவிட்டது' என்கிறோம். 'அதோ' என்பது கீழ், 'கதி' என்பது செல்லும் வழி. நரகத்துக்கே அதோகதி என்ற பெயரும் உண்டு. 'ரௌரவாதி நரகத்துக்குத்தான் போவாய்' என்று பெரியவர்கள் திட்டும்போது வரும் ரௌரவம் என்னும் நரகப் பெயரும் அப்படியே பேச்சில் வாழ்கிறது. உயிரோடிருந்தபோது ஒருவன் யாரைத் துன்புறுத்தினானோ அவ்வுயிர்களே 'ருரு' என்னும் கொடிய பிராணிகளாகி அங்கே அவனைத் துன்புறுத்தும் என்று பாகவத புராணம் அதற்குக் காரணம் சொல்கிறது. தண்டிப்பவர் வேற்றார் அல்லர், தன்னால் வருந்தியவரே என்னும் இந்தக் கற்பனை, எந்தக் காலத்துப் பேய்க்கதைக்கும் அடித்தளமாக நிற்கக் கூடியது.

தமிழில் நரகத்தைக் குறிக்கச் சங்கப் புலவர் கையாண்ட சொல் நிரயம். பாலியிலும் வடமொழியிலும் உள்ள இச்சொல்லை, வெளியேறிப் போதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததாகக் கொள்வர். சேரமான் ஒருவனுக்கு நரிவெரூஉத் தலையார் பாடிய புறநானூற்று 5ஆம் பாடலில் 'அருளும் அன்பும் நீக்கி நீங்கா நிரயங் கொள்பவர்' என்ற தொடர் வருகிறது. அரசே, அத்தகையோரோடு சேராதே, குழந்தையை வளர்ப்பவரைப் போல நாட்டைக் காப்பாயாக என்பது புலவர் அறிவுரை. அருளையும் அன்பையும் நீக்கியவரை நீங்காதது நிரயம் என்று, நீக்கலையும் நீங்காமையையும் ஒரே அடியில் எதிரெதிராக வைத்த அழகு வியக்கத்தக்கது.

இதைவிடக் கடுமையான இடம் குறுந்தொகை 292ஆம் பாடல். பரணர் பாடியது. நீராடச் சென்ற ஒரு பெண், ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது நன்னன் என்னும் மன்னனுடைய காவல்மரத்துக் காய். அக்குற்றத்துக்கு ஈடாக எண்பத்தொரு களிறுகளையும் அவள் நிறைக்கு நிறை பொன்னால் செய்த பாவையையும் கொடுக்க முன்வந்தும் அவன் ஏற்காமல் அவளைக் கொன்றான். 'பெண்கொலை புரிந்த நன்னன் போல வரையா நிரயத்துச் செலீஇயரோ அன்னை' என்கிறாள் தோழி. தலைவனைச் சந்திக்க விடாமல் இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் மீது சொல்லும் வசவுதான் அது. எனினும் அந்த வசவுக்குள் ஒரு கொலையும் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கின்றன. இங்கே 'வரையா' என்றும், புறநானூற்றில் 'நீங்கா' என்றும், நிரயத்துக்குக் கொடுக்கப்பட்ட அடைகள் இரண்டும் எல்லையின்மையையே சொல்கின்றன. மறுபிறவியை நம்பும் சமயங்களில் நரகம் முடிவுள்ள ஒரு பிறப்பு. மணிமேகலை உயிர்கள் பிறக்கும் வகைகளை எண்ணும்போது 'மக்களும் தேவரும் பிரமரும் நரகரும் தொக்க விலங்கும் பேயும்' என்று நரகரையும் அவ்வரிசையிலேயே வைக்கிறது. சங்கப் பாடலின் சினமோ அந்த முடிவைத் தீயோருக்குத் தர மறுக்கிறது.

அளறு என்ற சொல்லுக்கு முதற்பொருள் சேறு. கால் வைத்தால் உள்ளே இழுக்கும் குழைசேற்றையே அது குறிக்கும். அதே பொருளுடைய அள்ளல் என்ற சொல்லும் அதன் உறவே. இந்தச் சொல்லை மறுமைத் துன்பத்தின் பெயராக ஆண்டவர் திருவள்ளுவர். குறளில் நரகம் என்ற சொல்லும் இல்லை, நிரயம் என்ற சொல்லும் இல்லை. அளறு மூன்று இடங்களில் வருகிறது. அம்மூன்றிலும் அதனோடு சேர்ந்து நிற்கும் வினைகளைக் கவனித்தால், வள்ளுவர் இதை வெறும் பெயராக எடுத்துக்கொள்ளவில்லை, சேற்றையே கண்டு எழுதினார் என்பது விளங்கும். 'ஒருமைச் செயலாற்றும் பேதை எழுமையும் தான்புக்கு அழுந்தும் அளறு' (835) என்பதில் பேதை தானே போய்ப் புகுந்து அழுந்துகிறான். 'வரைவிலா மாணிழையார் மென்தோள் புரையிலாப் பூரியர்கள் ஆழும் அளறு' (919) என்பதில் ஆழ்கிறார்கள். 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு' (255) என்பதில், விழுங்கியவனை வெளியே விட அளறு வாய் திறப்பதில்லை. அழுந்துதல், ஆழ்தல், விழுங்கிய பின் வாய் திறவாமை ஆகிய மூன்றும் சேற்றின் இயல்புகளே. இவற்றில் காவலர் இல்லை, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை இல்லை, கணக்குப் படிப்பவர் இல்லை. உள்ளே போனவனுடைய பாரமே அவனைக் கீழே கொண்டு செல்கிறது. பரிமேலழகர் இவ்விடங்களில் அளறு என்பதற்கு நிரயம் என்று உரை எழுதுகிறார். பொருள் சரிதான், ஆனால் உரையில் சேறு காணாமற் போய்விடுகிறது.

சேற்றை மறுமைத் துன்பத்தோடு இணைத்தவர் வள்ளுவர் மட்டும் அல்லர். சமணர் எண்ணும் ஏழு நரகங்களில் நான்காவது பங்கப்பிரபை எனப்படும். பங்கயம் என்று தாமரையைச் சொல்கிறோமே, அதிலுள்ள பங்கம்தான் இதிலும் சேற்றைக் குறிக்கிறது. தமிழில் வழங்கும் ஏழு நரகங்களின் பெயர்களில் அள்ளல் ஒன்று. ஆயினும் இதே அள்ளல், நன்செய் நிலத்தின் செழிப்பைச் சொல்லவும் பயன்பட்டது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 'அள்ளற் பழனத்து அரக்காம்பல் வாயவிழ' என்று தொடங்கும் முத்தொள்ளாயிரப் பாடலில், சேற்று வயலில் செவ்வாம்பல் மலர்ந்ததைக் கண்ட பறவைகள் தண்ணீரில் தீப்பிடித்ததென்று அஞ்சித் தம் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கிக்கொள்கின்றன. சோறு தரும் சேறும் உயிரை விழுங்கும் சேறும் ஒரே சொல்லில் அடங்குவது உழவர் மொழிக்கே உரிய பெருமை என்று கருதுகிறேன்.

மகாபாரதத்தின் கடைசிப் பருவமாகிய சுவர்க்காரோகண பருவத்திலும் சேறு உண்டு. மேலுலகம் சேர்ந்த தருமன் அங்கே துரியோதனன் சிறப்போடு வீற்றிருப்பதைக் கண்டு, தன் தம்பியர் இருக்கும் இடத்துக்கே தன்னை அழைத்துச் செல்லுமாறு கேட்கிறான். தேவதூதன் அவனை அழைத்துச் செல்லும் வழியில் ஊனும் குருதியும் சேறாகிக் கிடக்கின்றன. மயிர்க்கற்றைகளே பாசியும் புல்லுமாகப் படர்ந்திருக்கின்றன. நாற்றம் தாங்காமல் அவன் திரும்பும்போது, 'உன் மேனியைத் தொட்டு வரும் காற்று எங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது, சிறிது நேரம் நில்' என்று இருளிலிருந்து குரல்கள் கெஞ்சுகின்றன. யார் என்று கேட்டால், கர்ணன், பீமன், அருச்சுனன், திரௌபதி என்று பெயர்கள் வருகின்றன. தருமன் தூதனை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறான். பிறகு அந்தக் காட்சி மறைகிறது. துரோணரை அசுவத்தாமன் பெயரால் ஏமாற்றியதற்கு ஈடாகவே அவனுக்கு நரகம் காட்டப்பட்டது என்று இந்திரன் விளக்குகிறான். நன்மையும் தீமையும் மறுமையும் ஒருங்கே வந்து மோதும் கதைகளில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. இக்காட்சியைத் தமிழில் எழுதும்போது 'நரகத்தில் நின்றான்' என்பதைவிட 'அளற்றில் நின்றான்' என்பது எத்தனை பொருத்தம்!

அளறு ஒன்றையே எல்லா இடத்திலும் வைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. வள்ளுவரே வேறு பெயர்களையும் தந்திருக்கிறார். அருளில்லாதவர் செல்லுமிடம் 'இருள்சேர்ந்த இன்னா உலகம்' (243). அடங்காமை கொண்டுபோய்ச் சேர்ப்பது 'ஆரிருள்' (121). பொறாமை என்னும் பாவி செல்வத்தை அழித்தபின் தள்ளுமிடம் 'தீயுழி' (168). சேறு, இருள், தீ ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கையில், கதையில் வரும் காட்சிக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்துகொள்வதே முறை. யூத, கிறித்தவ, இசுலாமிய மரபுகளில் மேலோங்கி நிற்பது தீ. எருசலேமை அடுத்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரே கெகென்னா என்று மாறி நரகத்தைக் குறித்தது. அரபியில் வழங்கும் ஜஹன்னம் அதனோடு உறவுடையது. நெடுங்காலமாக வழங்கும் தமிழ் விவிலியம் கெகென்னாவுக்கு நரகம், எரிநரகம் என்றும், இறந்தோர் உலகைக் குறிக்கும் வேறு சொல்லுக்குப் பாதாளம் என்றும் பிரித்து எழுதியிருப்பது பாராட்டத்தக்க கவனம். தீராத நெருப்பைச் சொல்லும் அத்தகைய கதைகளைத் தமிழாக்குவோர் எரிநரகம், தீயுழி என்பவற்றை ஆளலாம். அங்கே அளறு பொருந்தாது.

இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே 14ஆம் நூற்றாண்டில் பாடிய இன்ஃபெர்னோ இந்தத் தேர்வைக் கடினமாக்கும் நூல். அதன் தலைப்புக்கு மூலமான லத்தீன் சொல்லும், யாஸ்கர் சொன்னதைப் போல, கீழே உள்ளதையே குறிக்கிறது. அவர் காட்டும் ஒன்பது வட்டங்களில் ஐந்தாவது ஒரு சதுப்பு. சினத்தால் கெட்டவர் சேற்றில் புரண்டு ஒருவரை ஒருவர் கடித்துக் குதற, மனப்புழுக்கத்திலேயே வாழ்ந்தவர் சேற்றுக்கு அடியில் கிடந்து, பேச வாய் திறக்கும்போதெல்லாம் மேலே குமிழிகள் எழுகின்றன. அடித்தளமோ பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது. இதைத் தமிழில் தருபவர் முழுவதற்கும் நரகம் என்னும் பொதுப்பெயரை வைத்துக்கொண்டு, ஐந்தாம் வட்டத்தை மட்டும் அளறு என்று சொன்னால், வள்ளுவரின் 'அழுந்தும்', 'ஆழும்' என்ற வினைகள் தாமாகவே கைக்கு வந்து சேரும். நிரயத்தைப் பழைய காலத்தில் நிகழும் கதைகளுக்கும் சாபமொழிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். இன்றைய பாத்திரம் ஒருவர் பேச்சில் அது ஒட்டாது. 'நரக வேதனை' என்று பொதுமக்கள் பேசுவதை மாற்றி எழுத வேண்டிய தேவையும் இல்லை.

புதிதாக அளறு என்ற சொல்லை ஆள்வோர் அதன் வேற்றுமை வடிவங்களில் தடுமாறுவதுண்டு. கிணறு, வயிறு ஆகிய சொற்களைப் போலவே இதுவும் உருபேற்கும்போது றகரம் இரட்டிக்கும்: அளற்றை, அளற்றில், அளற்றுக்கு, அளற்றிலிருந்து. அடையாக வரும்போது அளற்றுத் துன்பம், அளற்று வாயில் என்று எழுத வேண்டும். நரகர் என்பதற்கு நேராக, அளற்றில் கிடக்கும் உயிர்களை அளற்றுயிர் என்று குறிக்கலாம்.